ஆறு இலக்கக் கைநாட்டு

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



கைப்பேசி வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் நடைபெறும் மோசடிகளைப் பற்றி நாம் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது சற்றே தயங்கினோம். நாம் கணிப்பொறி கற்றவரல்லோம். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, கரும்பலகையோடும் சுண்ணக்கட்டியோடும் காலம் கழித்தவர். மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று துறை ஆணையிட்ட பிறகே, நாற்பது வயதுக்கு மேல், ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தட்டக் கற்றோம். "இதைப் பற்றிப் பேச இளைஞர் எவரையேனும் அழையுங்களேன்" என்றோம். "இளைஞர்கள் கருவியை அறிவார்கள், ஐயா. ஆனால் ஏமாந்தவர்கள் வந்து அழுவது உங்கள் அறையில்தானே?" என்று செயலாளர் கேட்டார். மறுமொழி இல்லாமற் போயிற்று. ஆதலால் வந்து நிற்கிறோம்.

முதலில் பழைய செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1892-ஆம் ஆண்டில், செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக, நம் மக்களுக்கு நிலம் வழங்குமாறு சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகள் வரை எவர்க்கும் விற்கலாகாது, அதன் பின்னரும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அத்துணைக் காப்பு இருந்தும் அந்நிலம் ஊர்தோறும் நம் கையை விட்டுப் போயிற்று. போன வழிகள் பல. அவற்றுள் ஒன்று கைநாட்டு. எம் பாட்டனார் தம் நிலத்தை அவ்வழியில்தான் இழந்தார். அவசரக் கடனுக்காகப் போனவரிடம், "ஒரு ரேகை வை, போதும்" என்றார்களாம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கப் பாட்டனாருக்கு நா எழவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணினார். பெருவிரலில் மையைத் தடவியவர், துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தாராம். அந்த மரியாதையைப் பாட்டனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நிலம் போன கதையை மட்டும் சொல்லமாட்டார். எம் தந்தையார் சொல்லித்தான் நாம் அறிந்தோம்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறோம் என்றால், உங்கள் கைப்பேசிக்கு வருகின்ற ஆறு இலக்க எண் இருக்கிறதே, ஓ.டி.பி. என்கிறோமே, அதுவே இந்நாளின் கைநாட்டு. வங்கி அதை உங்களுக்கு அனுப்புவது ஏன்? "இந்தக் காரியத்தைச் செய்பவர் உண்மையில் நீங்கள்தாமா?" என்று கேட்பதற்காக. அந்த எண்ணை மற்றொருவரிடம் சொல்வது, எழுதாத தாளில் விரலைப் பதித்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நாம் பள்ளி இறுதி முடித்தோம், பட்டம் பெற்றோம், நம் வீட்டில் இன்று கைநாட்டு வைப்பவர் எவருமில்லை என்று பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆயினும் சென்ற ஆண்டு எம் பள்ளிக்கு வந்த ஒரு தாயின் கதையைக் கேளுங்கள்.

அவர் வீட்டு வேலை செய்து மகனைப் படிக்க வைப்பவர். பெயர் வேண்டா. ஒரு நண்பகலில் அவருக்கு அழைப்பு வந்தது. பேசியவன் தன்னைக் கல்வித்துறை அலுவலர் என்று அறிமுகம் செய்துகொண்டான். "அம்மா, உங்கள் மகனுக்குக் கல்வி உதவித்தொகை அனுமதியாகியிருக்கிறது" என்றான். மகன் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர் எல்லாம் பிழையின்றிச் சொன்னான். கோபுரச் சின்னம் பொறித்த கடிதம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. "இன்று மாலை 4 மணியோடு கணக்கு முடிகிறது, பணத்தைப் பெற்றுக்கொள்ள நான் அனுப்பும் கட்டப்படத்தை உங்கள் பணச்செயலியில் வைத்து, உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்றான். அம்மையார் அழுத்தினார். கல்லூரி விடுதிக்கென்று சேர்த்து வைத்திருந்த 18,500 ரூபாய் போயிற்று. "தவறுதலாகப் போய்விட்டது, மறுபடி அழுத்துங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்" என்றும் அவன் சொல்லியிருக்கிறான். கணக்கில் மீதமில்லாததால் இரண்டாம் முறை தப்பினார்.

இதில் நாம் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றே. 2016-இல் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. முறையில், இரகசிய எண் தேவைப்படுவது பணம் கொடுப்பதற்கும் கணக்கிருப்பைப் பார்ப்பதற்குமே. பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் அழுத்த வேண்டுவதில்லை. அஞ்சற்காரர் பணவிடை கொண்டுவந்தால் நம் பெட்டிச் சாவியையா கேட்பார்? ஒருவர்க்கொருவர் பணம் கேட்டு விண்ணப்பம் அனுப்பும் வசதி ஒன்று முன்பு அந்த முறையில் இருந்தது. அதைக் கொண்டு பலர் ஏமாற்றப்பட்டதனால் 2025 அக்டோபர் முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கட்டப்படத்தை அனுப்பி ஏமாற்றும் வழி அடைபடவில்லை. மேலும், அரசின் உதவித்தொகை மாணவரின் ஆதார் இணைந்த கணக்கில் நேரே வரவாகும். அதற்கு எவரும் நண்பகலில் அழைத்துப் பேச வேண்டியதில்லை.

"அவனுக்கு என் மகன் பெயர் எப்படித் தெரிந்தது? தெரிந்ததால்தானே நம்பினேன்?" என்று அந்த அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகளின் சாதிச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் ஆகியவை எத்தனை நகலகங்களில், எத்தனை இணைய மையங்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன! பதிவேற்றம் செய்த கணிப்பொறியிலேயே படத்தை விட்டுவிட்டு எழுந்து வருகிறோம். பட்டியல்கள் எங்கெங்கோ கசிந்து விலைக்கும் போகின்றன. ஆதலின் நம் பெயரை ஒருவன் அறிந்திருப்பதனாலேயே அவன் அலுவலன் ஆகிவிடமாட்டான்.

ஆனால் எம் நெஞ்சை வருத்தியது பணம் போனதன்று. அந்த அம்மையார் நான்கு நாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. கணவரிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை. விடுதிக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோதுதான் எம் அறை வாயிலில் வந்து நின்றார். "ஐயா, படிக்காதவள் என்று சிரிப்பார்களே" என்றார். நான்கு நாளில் அந்தப் பணம் எத்தனை கணக்குகளைக் கடந்திருக்கும்! முதல் மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணை அழைத்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருந்தது. திருடனுக்கு அந்த நான்கு நாளைக் கொடுத்தது அந்த வெட்கம்தான்.

படித்தவர் சிரிக்கத் தகுதியுடையவர் அல்லர் என்பதற்கு எம்மையே சான்றாகக் காட்டுகிறோம். அரசுத் தேர்வுப் பணி மும்முரமாயிருந்த ஒரு மார்ச்சு மாதத்தில், மாவட்டத்தின் உயர் அலுவலர் ஒருவர் பெயரில் எமக்கு மின்னஞ்சல் வந்தது. "உடன் கவனம்" என்று தலைப்பு. பள்ளிக் கணக்கில் குறை காணப்பட்டுள்ளதென்றும், மாலை 5 மணிக்குள் இணைப்பில் உள்ள படிவத்தில் வங்கி விவரங்களை நிரப்பத் தவறினால் தற்காலிகப் பணிநீக்கம் என்றும் எழுதியிருந்தது. சொன்னால் நகைப்பீர்கள், அதைப் படித்தவுடன் நாம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டோம்! இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பணி, அறையில் எவருமில்லை, ஆயினும் அலுவலர் பெயரைக் கண்டதும் கால் தானாக எழுகிறது. இது எமக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. தலைமுறை தலைமுறையாய் நின்று பேசியவர்களின் உடம்பில் ஊறியது. மோசடிக்காரன் நம்முடைய அறியாமையை மட்டும் நம்பித் தொழில் நடத்துவதில்லை. இந்த எழுந்து நிற்கும் பழக்கத்தையும் நம்பி நடத்துகிறான்.

படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டோம். அவ்வேளையில் கையெழுத்துக்கு வந்த இளம் பட்டதாரி ஆசிரியை ஒருவர், "ஐயா, அனுப்பியவர் பெயரைப் பார்த்தீர்கள். முகவரியைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தோம். எவரும் எந்தப் பெயரிலும் இலவசமாகத் தொடங்கத்தக்க ஜிமெயில் முகவரி அது. பெயர் மட்டும் அலுவலருடையது. அரசு அலுவலகங்களின் முகவரி 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். சில அலுவலகங்கள் ஜிமெயிலைப் பயன்படுத்துவதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. அப்படியிருப்பின் நமக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெளிவதே முறை. கடிதத்தில் கண்ட எண்ணில் கேட்கலாகாது. அந்த எண்ணில் பேசுபவனும் அவனாகவே இருப்பான்.

இணைய முகவரியைப் படிக்கும் விதத்தையும் அந்த ஆசிரியையிடமே கற்றோம். நம் வீட்டு முகவரியில் கதவு எண், தெரு என்று தொடங்கி ஊரும் மாவட்டமும் கடைசியில் வருகின்றன அல்லவா? இணைய முகவரியும் அத்தகையதே. முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னால் கடைசியாக நிற்பதுதான் ஊர். 'ஸ்காலர்ஷிப்', 'தமிழ்நாடு', 'கவ்' என்ற சொற்களெல்லாம் முன்னால் அழகாக வரிசை கட்டி நின்று, கடைசியில் 'டாட் எக்ஸ்ஒய்இசட்' என்று முடிந்தால், அது அரசின் ஊர் அன்று. தெருவுக்குக் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே தலைமைச் செயலகம் வந்துவிடுமா?

இம்மோசடிகள் புதியன என்று எண்ணற்க. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் செல்வந்தர் ஒருவர் வாடுகிறார், மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு தருவார் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கடிதங்கள் உலவின. அதே கதை பின்னர் மின்னஞ்சலில் வந்தபோது நைசீரியா நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் பெயரால் '419 மோசடி' என்று வழங்கலாயிற்று. பெரும் செல்வம், சிறு முன்பணம், இரகசியம், அவசரம் ஆகிய நான்கும் அன்றுமுதல் இன்றுவரை மாறவில்லை.

பணம் பறிக்காத பொய்யும் உண்டு. 1994-இல் 'குட் டைம்ஸ்' என்ற தலைப்போடு மின்னஞ்சல் வந்தால் திறவாதீர், கணிப்பொறி அழிந்துவிடும், இதை எல்லோருக்கும் தெரிவியுங்கள் என்று ஓர் எச்சரிக்கை உலகைச் சுற்றியது. அப்படி ஒரு கிருமியே இல்லை. எச்சரிக்கைதான் கிருமி போலப் பரவிற்று. நம் சிறுவயதில், இதைப் பதின்மூன்று பேருக்கு எழுதாவிட்டால் சாமி குற்றம் என்று அஞ்சலட்டை வருமே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று 'இலவச மடிக்கணினி, பத்து நண்பர்களுக்கு அனுப்பினால் உறுதி' என்று வருவது அதன் பேரப்பிள்ளை. அந்த அட்டையால் காலணா நட்டமாகும், அவ்வளவே. இந்த இணைப்பைத் தொட்டால் நம் விவரம் அனைத்தும் அவனிடம் போகிறது.

பொய்ச் செய்தியை அனுப்புவதால் என்ன கெட்டுவிடும் என்பாரும் உளர். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் அவரை அடித்தே கொன்றனர். நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின், அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது. கட்டை விரலால் ஒரு தட்டு. அதற்கு மேல் அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அண்மைக்காலத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று கிளம்பியுள்ளது. காவலர் உடையில் ஒருவன் காணொளியில் தோன்றி, உன் பெயரில் போதைப்பொருள் பொதி வந்திருக்கிறது, கைப்பேசியை அணைக்காதே, அறையை விட்டு நகராதே என்று மிரட்டிப் பணம் பறிக்கிறான். இந்நாட்டுச் சட்டத்தில் அப்படிப்பட்ட கைது எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார். எனினும் காவலர் உடையைக் கண்டால் நம் தெருக்களில் உண்டாகும் நடுக்கத்திற்குக் காரணங்கள் உண்டு, அவை எல்லார்க்கும் தெரியும். அந்த நடுக்கத்திலும் தொடர்பைத் துண்டிக்கலாம். துண்டித்ததற்காக எவரையும் சிறையிலிட முடியாது. திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தாலும் திறத்தல் ஆகாது. அது கைப்பேசிக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைத் தானே படித்துக்கொள்ளும். அப்போது கைநாட்டை நம்மிடம் கேட்கவும் வேண்டியதில்லை.

தம்பிமார்களே, தங்கைமார்களே, இதுவரை சொன்னது உங்கள் பெற்றோருக்கு. இனிச் சொல்வது உங்களுக்கு. வேலை என்ற சொல் நம்மை இழுப்பது போல் வேறொன்றும் இழுப்பதில்லை. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைபட்ட தமிழ் இளைஞர் சிலர் 2022-இல் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். அங்கே அவர்களுக்கு இட்ட வேலை என்ன தெரியுமா? பிறரை இணையத்தில் ஏமாற்றுவது. மறுத்தவர்க்கு அடி. நமக்கு இனிக்க இனிக்கச் செய்தி அனுப்புகிறவர்களுள் இப்படி ஏமாந்து போன பிள்ளையும் ஒருவன் இருக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவர் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்தாக வேண்டும். உள்நாட்டு வேலை என்றால், முன்பணம் கேட்கும் இடத்தில் வேலை இல்லை.

அதனினும் கொடியது உள்ளூரிலேயே நடக்கிறது. எம் பழைய மாணவர் ஒருவர், அறிவியல் பட்டதாரி, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பயிற்சி செய்தவர். நண்பனுக்கு நண்பன் ஒருவன் வந்து, "உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் ஒரு சிம் அட்டையும் எடுத்துக் கொடு, 5,000 ரூபாய் தருகிறேன், வரி விவகாரம், வேறொன்றுமில்லை" என்றான். கொடுத்தார். தங்கையின் காதணி மீட்க அந்தப் பணம் உதவியதாம். சில மாதம் கழித்து வடமாநிலக் காவல் நிலையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் இவர் கணக்கின் வழியே போயிருக்கிறது. பறித்தவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இவர் பெயர் இருக்கிறது.

கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றும் குற்றத்திற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதற்குத் துணைநின்றவர் என்றே அந்த மாணவர் மீது வழக்கு. எழுத்துத் தேர்விலும் உடற்திறன் தேர்விலும் தேறினார். நன்னடத்தைச் சரிபார்ப்பில் நின்றுவிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் வீட்டில் அரசுப் பணிக்குப் போகவிருந்த முதல் ஆள் அவர். அவருடைய தந்தையார் எம்மிடம், "ஐயா, அவன் திருடவில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திருடவில்லைதான். தம் பெயரை ஒருவனுக்கு வாடகைக்கு விட்டார். நம் பிள்ளைகள் கல்வியால் ஈட்டுவது அந்தப் பெயர் ஒன்றைத்தானே! பாட்டனாரிடம் பறிக்க நிலம் இருந்தது. பேரனிடம் பறிக்க வேறொன்றும் இல்லாதபோது பெயரைப் பறிக்கிறார்கள்.

இப்படிக் கணக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் எவரேனும் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர் இன்றே வங்கிக்குச் சென்று எழுத்து மூலம் தெரிவித்துக் கணக்கை முடக்கச் செய்க. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டா.

பணம் இழந்தவர் செய்யத்தக்கது முன்பே சொன்னோம்: 1930. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நலம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு தளத்திலும் முறையிடலாம். திரையில் வந்த செய்திகளை வெறுப்பில் அழித்துவிடுகிறோம். அவைதாம் சாட்சி, அழிக்கலாகாது. வங்கிக்கும் உடனே அறிவிக்க வேண்டும். 2017 சூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, பிழை வங்கியிடமும் நம்மிடமும் இன்றி வேறிடத்தில் நேர்ந்திருந்து, 3 வேலை நாள்களுக்குள் நாம் அறிவித்தால், இழப்பு நம்மைச் சாராது. நாமே எண்ணைச் சொல்லிவிட்டிருந்தாலும், அறிவித்த பின் போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு. எனவே புகாருக்கு எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகையைக் கேட்டுப் பெறுக. கேட்பது மரியாதைக் குறைவன்று.

போன பணம் எல்லார்க்கும் திரும்பும் என்று நாம் சொல்லமாட்டோம். அந்த அம்மையாருக்குத் திரும்பவில்லை. விடுதிக் கட்டணத்தை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம். பையன் படிக்கிறான். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். தம் தெருவில் தண்ணீர் பிடிக்குமிடத்தில், நடந்ததை ஒளியாமல் சொன்னார். இரண்டு வாரத்திற்குள் அதே தெருவில் வேறொரு வீட்டுக்கு அதே குரலில் அழைப்பு வந்தது. "எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வருகிறேன், இணைப்பில் இரு" என்றாராம் அந்த வீட்டம்மாள். இணைப்பு அப்போதே துண்டிக்கப்பட்டது.

இச்சங்கம் தொடங்கிய நாளில், பெரியோர்கள் மாலைதோறும் ஒரு மரமேசை போட்டு அமர்ந்து, சாதிச் சான்றுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அந்த மேசையின் எதிரில் நின்று, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார்கள். அந்த மேசை படிப்பகத்தின் மூலையில் இன்னும் இருக்கிறது. ஒரு கால் சற்று ஆடுகிறது. வரும் ஞாயிறு முதல் மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை அந்த மேசையில் நாமும், முன்னே குறிப்பிட்ட ஆசிரியையும், கல்லூரி மாணவர் இருவரும் அமர்ந்திருப்போம். ஐயத்திற்கிடமான செய்தி எதுவாயினும் கைப்பேசியோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். ஏமாந்தவர்களும் வரலாம், எவரும் சிரிக்கமாட்டோம். இரகசிய எண்ணை எம்மிடமும் சொல்ல வேண்டா.